பினாங்கில் படுக்கையறைக்கு கார்ப்பெட்: பசை பூசும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்து, பினாங்குக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஒரு கொண்டோ. ஹால், படுக்கையறை எல்லாம் வழவழப்பான வெள்ளை டைல்ஸ். ராத்திரி ஏர்கான் போட்டால் தரை ஐஸ் மாதிரி ஆகிவிடுகிறது. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டு அங்கிள் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "ராத்திரி நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்குது" என்கிறார்.

சரி, படுக்கையறைக்கு மட்டும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்டுவிடலாமே என்று தோன்றும். கடைக்காரரும் வந்து அளந்து பார்ப்பார். "ஒரு நாள் வேலைதான் பாஸ். பசை போட்டு ஒட்டிடுவோம், ஆடாது அசையாது" என்பார்.

அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆடாது அசையாது என்பது லண்டனிலோ மெல்பர்னிலோ நல்ல செய்தியாக இருக்கலாம். பினாங்கில், அதுவும் வாடகை வீட்டில், அதுதான் சிக்கலே. அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில் காற்று போகாது. நீங்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் அது சுத்தமாகப் பெயர்ந்தும் வராது. ஒன்று உடம்பைத் தொடும், இன்னொன்று டெபாசிட்டைத் தொடும்.

இங்குள்ள வீடுகளில் ஏன் கார்ப்பெட் இல்லை?

நீங்கள் வாடகைக்குப் பார்த்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். டைல்ஸ், மார்பிள், பார்க்கே எனும் மரத்துண்டுத் தரை, லேமினேட். படுக்கையறையில் ஒட்டிய கார்ப்பெட் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால், அது பெரும்பாலும் பழைய கட்டடமாக இருக்கும், உள்ளே நுழைந்ததும் ஒரு வாடையும் அடித்திருக்கும்.

இதற்குக் காரணம் ரசனை இல்லை, காற்று. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 டிகிரியில், கடல் சூழ இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர்நாடுகளில் கார்ப்பெட் வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது, ஹீட்டர் காற்றை உலர வைக்கிறது. இங்கே ஹீட்டரும் இல்லை, உலர்ந்த மாதங்கள் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை.

"அப்போ ஹோட்டலில் எப்படிப் போடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய ஹோட்டல்களில் குளிரூட்டல் ஏறக்குறைய நாள் முழுக்க ஓடுகிறது, தினமும் வேக்கூம் செய்ய ஆள் இருக்கிறார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றவும் பட்ஜெட் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் மாதிரி இடங்களிலும் விரிப்பு உண்டு. ஆனால், அங்கே உயர்ந்த கூரை, எல்லாப் பக்கமும் காற்றோட்டம். காலையில் ஏர்கானை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிவிட்டு நாம் வேலைக்குப் போய்விடும் 120 சதுர அடி அறையின் கதை வேறு.

கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது?

பினாங்கு ரோட்டில் செண்டோல் வாங்கியிருப்பீர்கள். கிண்ணத்துக்கு வெளியே நீர் முத்து முத்தாக வியர்க்கும். உங்கள் படுக்கையறைத் தரையிலும் அதுவேதான் நடக்கிறது.

ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடிய அறையில் தரை 22 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். காலையில் ஜன்னலைத் திறக்கிறீர்கள். வெளியே 30 டிகிரி வெயில், 75 விழுக்காடு ஈரப்பதம். அந்தக் காற்று சுமார் 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீராகப் படியும். வெறும் டைல்ஸ் என்றால் கொஞ்ச நேரம் வழுக்கும், பிறகு காய்ந்துவிடும். கார்ப்பெட் என்றால் அந்த ஈரம் இழைகளுக்குள்ளும், அடியிலுள்ள பஞ்சு விரிப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழ்வீட்டில் ஏர்கானைப் பலமாகப் போடுபவராக இருந்தால், உங்கள் தரை அடியிலிருந்தும் குளிரும்.

நனைந்த துணியிலோ விரிப்பிலோ பூஞ்சை முளைக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். முதலில் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது.

பூஞ்சையைவிட அமைதியான இன்னொரு குடித்தனக்காரர் இருக்கிறார்: தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் பூச்சி. நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வாடிச் சாகும், 70, 80 என்றால் கொண்டாட்டம். பினாங்கு அதற்குச் சொந்த ஊர் மாதிரி. கடிக்காது, ஆனால் அதன் கழிவுதான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு உள்ள பலருக்கு இதுவே காரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தூசிப்பூச்சியின் முதல் வீடு கார்ப்பெட் இல்லை, உங்கள் மெத்தையும் தலையணையும்தான். கார்ப்பெட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இல்லை. ஆனால், தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கலாம். தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டை எப்படித் துவைப்பது? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா அல்லது தூசி ஒவ்வாமை இருந்தால், எங்கள் கருத்து நேரடியானது: படுக்கையறையில் ஒட்டிய கார்ப்பெட் வேண்டாம். போடுவதா இல்லையா என்று இழுபறியாக இருந்தால், முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

வழிகள் நான்கு. பெயர்கள் தெரிந்தால் கடைக்காரரிடம் பேசுவது சுலபம்.

வெளிநாட்டு வீடுகளில் வழக்கமானது கிரிப்பர் முறை. அறையின் ஓரங்களில், சின்னச் சின்ன ஆணிமுனைகள் மேல்நோக்கி நிற்கும் மெல்லிய மரப்பட்டையை அடிப்பார்கள். நடுவில் அண்டர்லே எனும் மெத்தென்ற அடிவிரிப்பு. அதன்மேல் கார்ப்பெட்டை இழுத்து, முழங்காலால் தள்ளும் ஒரு கருவியை வைத்து, அந்த ஆணிமுனைகளில் மாட்டுவார்கள். காலுக்கு மெத்தென்று இருக்கும், சுருக்கம் விழாது. ஆனால், டைல்ஸ் தரையில் மரப்பட்டையை நிறுத்த வேண்டுமானால் துளை போட வேண்டும், இல்லையென்றால் ஒட்ட வேண்டும். துளை விழுந்த டைலை மறைக்க வழியில்லை. அதே நிறத்தில் டைல் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது, அந்த டிசைன் எப்போதோ நின்றுபோயிருக்கும்.

இரண்டாவது, தரை முழுக்கப் பசை. அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள். வேலை சீக்கிரம் முடியும். பெயர்க்கும்போதுதான் நரகம். டைல்ஸில் பசைத் திட்டு, பார்க்கேயில் மேற்பூச்சு உரிந்து வந்துவிடும்.

மூன்றாவது, கார்ப்பெட் டைல். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஏறத்தாழ 45 தேவைப்படும், வெட்டுக்கும் பிற்கால மாற்றத்துக்கும் சேர்த்து 50 வாங்கிக்கொள்ளலாம். கனமான அடிப்பாகம் உள்ளவற்றைப் பசையே இல்லாமல், மூலைகளில் மட்டும் ஒட்டுப்பட்டை வைத்து விரிக்கலாம். காபி கொட்டினால் ஒரே ஒரு சதுரத்தை எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அவ்வப்போது ஒரு மூலையைத் தூக்கி, அடியில் ஈரமா என்று பார்க்கலாம். இது அலுவலக வாசனை அடிக்கும் தீர்வுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும், வாடகை வீட்டில் சுவருக்குச் சுவர் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

நான்காவது, ஓரம் தைத்த பெரிய விரிப்பு. சுருளிலிருந்து உங்கள் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தைத்துத் தரச் சொல்லலாம். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, வெறுமனே விரித்துவிட வேண்டியதுதான். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு வலைப்பாய். கட்டிலின் கால்கள் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பால்கனியில் போட்டு வெயில் காட்டலாம். குழந்தை தவழும், கால் குளிராது, சத்தமும் குறையும். நீங்கள் கேட்ட மூன்றும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

மறந்துபோகும் ஒரு விஷயம், கதவு. கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்தால் தரை ஓர் அங்குலம் வரை உயரலாம். கதவு உரசும். உடனே "அடியைச் சீவிடலாம் அண்ணே" என்பார்கள். அது வீட்டுக்காரரின் கதவு.

வீட்டுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

பினாங்கில் வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், அதோடு தண்ணீர், மின்சாரத்துக்காக அரை மாத வாடகை வாங்குவார்கள். வாடகை 2,000 ரிங்கிட் என்றால், 5,000 ரிங்கிட் அவர் கையில் இருக்கிறது. காலி செய்யும்போது வீடு முன்பிருந்த நிலையில் திரும்ப வேண்டும், இயல்பான தேய்மானம் தவிர என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். பசைத் திட்டும் ஆணித் துளையும் இயல்பான தேய்மானத்தில் சேராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலத்தோடும் கட்டடத்தோடும் நிரந்தரமாகப் பொருத்தியது அந்தச் சொத்தின் பகுதியாகிவிடும் என்பது நிலச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து. ஒட்டிய கார்ப்பெட் அந்த வகையில் வருமா என்பது விவாதத்துக்கு உரியது. "நான் காசு கொடுத்துப் போட்டது, எடுத்துட்டுப் போறேன்" என்று நீங்களும், "ஒட்டினது வீட்டோட சேர்ந்தது" என்று அவரும் வாசலில் நின்று வாதாடுவதில் யாருக்கும் லாபமில்லை. முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

"ஆ, போட்டுக்கோங்க தம்பி, பரவால்ல" என்று போனில் சொன்னது போதாது. வாட்ஸ்அப்பிலாவது நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எந்த அறை, எந்த முறையில் பொருத்தப்படும், காலி செய்யும்போது எடுக்க வேண்டுமா விட்டுப்போகலாமா, தரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது. வேலை தொடங்கும் முன் தரையை மூலைமூலையாகப் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

கொண்டோ என்றால் நிர்வாக அலுவலகத்தையும் கேட்க வேண்டும். தரை வேலைக்கு முன் அனுமதி, முன்பணம், வேலை நேரம், சரக்கு லிஃப்ட் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு விதி. வெறுமனே விரிப்பதற்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது.

கடைக்குப் போகும்போது

ஆட்டுக்கம்பளி நன்றாக இருக்கும், விலையும் அதிகம். ஆனால், ஈரத்தை உறிஞ்சும், அந்துப்பூச்சியும் தேடி வரும். இந்த ஊருக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது நைலான் பொருத்தம். பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் கட்டில் கால் அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும். நைலான் நிமிர்ந்து எழும், விலை கூடுதல். மேலே தெரிவதைவிட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சணல் என்றால் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும். செயற்கை இழை என்றால் சரி. நீளமான, புசுபுசு இழை கண்ணுக்கு அழகு, தூசிக்கும் அதுதான் பிடிக்கும். குட்டை இழையே நல்லது.

விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அதில் அண்டர்லே, பொருத்தும் கூலி, கட்டிலையும் அலமாரியையும் நகர்த்துவது, வெட்டி மிஞ்சியதை அப்புறப்படுத்துவது எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். பல சுருள்கள் 12 அடி அகலத்தில் வரும். உங்கள் அறை 11க்கு 13 அடி என்றால் பரப்பு 143 சதுர அடிதான், ஆனால் சுருளிலிருந்து 156 சதுர அடி வெட்ட வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் பணம். 13க்கு 14 என்றால் ஒரு சுருள் அகலம் போதாது, நடுவில் இணைப்பு விழும். அந்த இணைப்பு எங்கே வரும் என்று முன்பே காட்டச் சொல்லுங்கள்.

டைல்ஸ் இல்லாத சிமென்ட் தரையா? ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கருமையோ தெரிந்தால் தரையிலிருந்தே ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே எந்தக் கார்ப்பெட்டும் நிலைக்காது.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு என்றால்?

2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பகுதியில் பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. மாடியில் பெரும்பாலும் மரப்பலகைத் தரை. பலகைகளுக்கு இடையிலுள்ள சந்து, நடுவிலுள்ள திறந்த முற்றம் எல்லாம் காற்று போகத்தான். அதன்மேல் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டினால் பலகைக்கு மூச்சு முட்டும். அதைவிட மோசம், கரையான் வந்தால் தெரியாது. மண்பாதை கண்ணில் படும்போது பலகை உள்ளுக்குள் காலியாகியிருக்கும். பழைய பலகையில் ஆணி அடிக்கவே கூடாது. தூக்கி எடுக்கக்கூடிய விரிப்பு மட்டும் போடுங்கள்.

கீழ்த்தளம் என்றால் இன்னும் யோசியுங்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையில் பினாங்கின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியது உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் நினைவிருக்கும். கேட்டுப் பாருங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்.

கார்ப்பெட்தான் வேண்டுமா?

மலேசிய வீடுகளில் நெடுநாளாக இருப்பது தீக்கார் கெத்தா. "ரப்பர் பாய்" என்று பொருள், உண்மையில் அது சுருளாக வரும் வினைல் விரிப்பு. மலிவு, துடைத்தால் போதும், தரையின் குளிரும் குறையும். ஆனால், சத்தத்துக்குப் பெரிதாக உதவாது, அதன் அடியிலும் ஈரம் தேங்கும், ஆகவே ஒட்டாமல் விரியுங்கள்.

ஊருக்குப் போய் வருபவர்களிடம் வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பவானி ஜமக்காளம் பருத்தியில் தட்டையாக நெய்தது. மடித்தால் பெட்டியில் அடங்கும், அழுக்கானால் துவைத்துக் கொடியில் போடலாம். இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் குழந்தை தவழப் போதும். அம்மா எப்போதோ "எடுத்துட்டுப் போடா" என்று சொன்னதை அன்றைக்கு வேண்டாம் என்றவர்கள் இப்போது வருத்தப்படலாம்.

போட்டாகிவிட்டது, இனி?

புதுக் கார்ப்பெட்டில் ஒரு ரசாயன வாடை இருக்கும். இரண்டு மூன்று நாள் காற்றோட்டம் விட்டுவிட்டு, பிறகு குழந்தையை அந்த அறையில் தூங்க வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. ஏர்கானில் 'டிரை' பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் ஈரம் உறிஞ்சும் கருவி தேவைப்படும், அதன் தொட்டியில் ஒரே நாளில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் இந்தக் கட்டுரை மிகைப்படுத்தவில்லை என்று புரியும்.

ஏர்கான் ஒழுகிக் கார்ப்பெட் நனைந்துவிட்டதா? மேலே துண்டு வைத்து ஒற்றினால் மட்டும் போதாது. தூக்கி, அடிப்பக்கம் காற்றுப் படும்படி மடித்து, மின்விசிறியை நேராகக் காட்டி, ஒரு நாளுக்குள் காயவையுங்கள். நனைந்த அண்டர்லே இரண்டு நாள் அப்படியே கிடந்திருந்தால், அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கடைக்காரர் சொன்ன பொருள் ஒன்று, போட்டது வேறு, அல்லது மூன்று மாதத்தில் இணைப்பு விட்டுவிட்டது என்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் விலைப்பட்டியலும் கையில் இருக்க வேண்டும். மனு எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், தமிழிலும் இதழ் வெளியிடும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். டெபாசிட் தகராறுக்கு இந்த நடுவர் மன்றம் உதவாது. அது வீட்டுக்காரரோடு உள்ள வழக்கு. 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத தொகை என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் நீங்களே நேரில் தாக்கல் செய்யலாம். வேலை தொடங்கும் முன் எடுத்த அந்தத் தரைப் படங்களை அப்போது தேட வேண்டியிருக்கும், போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.